ஆற்றில் பிறந்து ஆஸ்பத்திரிக்குப் போன மரபணு

கனடாவின் வடமேற்கு மூலையில் டாசன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1896-இல் அந்த வட்டாரத்து ஓடையொன்றில் தங்கம் அகப்பட்டதும், எங்கெங்கிருந்தோ ஆட்கள் மண்வெட்டியும் சல்லடையுமாக வந்து குவிந்தார்கள். நூறாண்டு கழித்து அதே பகுதியின் உறைமண்ணைத் துளையிட்ட விஞ்ஞானிகளுக்குத் தங்கம் வேண்டியிருக்கவில்லை. முப்பதாயிரம் ஆண்டுகளாக உருகாமல் கிடந்த மண் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து கிருமி ஏதும் உள்ளே புகுந்துவிடவில்லை என்று உறுதிசெய்ய, ஒளிரும்படி மாற்றிய பாக்டீரியாவை மண்ணுருளையின் மேற்புறத்தில் தெளித்துச் சோதித்தார்கள். உள்மண்ணில் மாமத் யானையின் டி.என்.ஏ. கிடைத்தது. அதனோடு, பெனிசிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்ளினையும் வான்கோமைசினையும் எதிர்க்கும் பாக்டீரியா மரபணுக்களும் கிடைத்தன. 2011-இல் இந்த முடிவு வெளியானது. மனிதன் உழவுத் தொழிலையே தொடங்கியிராத காலத்து மண் அது.

மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதாலும், சாதாரணச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் விழுங்குவதாலும்தான் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் பொய்யில்லை. ஆனால் எதிர்க்கும் வித்தையை நாம் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆன்டிபயாடிக் என்பதே பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மண்ணிலும் நீரிலும் தமக்குள் இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட்டபோது உண்டாக்கிக்கொண்ட நஞ்சு. நஞ்சு இருந்த இடத்தில் முறிவும் இருந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகியா என்றொரு குகை, நாற்பது லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பே இல்லாமல் இருந்தது. அங்கே எடுத்த பாக்டீரியாக்களும் நம் மருந்துகள் பலவற்றுக்கு அசையவில்லை.

அப்படியென்றால் நம் பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கிருமிகளும் மருந்துக்கு அடங்காதவையா? இதற்குச் சாட்சி சொல்ல ஓர் அரிய சேமிப்பு இருக்கிறது. எவரிட் மரே என்ற நுண்ணுயிரியலாளர் 1917 முதல் 1954 வரை பல நாட்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த குடற்கிருமிகளைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்துப் பாதுகாத்தார். 1983-இல் லண்டனில் நவோமி தத்தாவும் அவருடைய சக ஆய்வாளரும் அவற்றை எழுப்பிப் பார்த்தார்கள். மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் நான்கில் ஒரு பங்குக் கிருமிகளிடம் பிளாஸ்மிட் இருந்தது. பிளாஸ்மிட் என்பது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் செல்லக்கூடிய சிறிய டி.என்.ஏ. வளையம். சாலையில் வண்டிகள் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, சரக்குதான் இன்னும் ஏறவில்லை. சரக்கோ நோய் உண்டாக்காத நீர்வாழ், மண்வாழ் பாக்டீரியாக்களிடம் கிடந்தது. இரண்டும் சேர்ந்தது எப்படி என்பதுதான் கதை.

1940-இன் கடைசி வாரம். ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். குடற்பாக்டீரியா ஒன்றின் சாற்றில் பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது என்பதே செய்தி. அதற்கு ஒன்றரை மாதம் கழித்துத்தான், 1941 பிப்ரவரியில், அவர்களுடைய பெனிசிலினால் முதல் தொற்று நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கியது. மருந்து கடைக்கு வருமுன்பே அதை முறிக்கும் நொதி அறிவியல் இதழில் அச்சாகிவிட்டது. இந்த ஆபிரகாமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

இப்போது இத்தாலியின் சார்தீனியத் தீவுக்குப் போவோம். போர் முடிந்த 1945. காக்லியாரி நகரின் சுகாதாரவியல் பேராசிரியர் ஜூசெப்பே புரோட்சு ஒரு விநோதத்தைக் கவனித்தார். நகரச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் இளைஞர்கள் நீந்திக் குளிக்கிறார்கள். ஆனால் அங்கே டைபாய்டு எதிர்பார்த்த அளவுக்குக் கடுமையாக இல்லை. அந்த நீரில் கிருமிகளை அடக்கும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்று எண்ணி, சாக்கடை வாயருகே நீரை மொண்டு வந்து வளர்த்துப் பார்த்தார். செஃபலோஸ்போரியம் என்ற பூஞ்சை அகப்பட்டது. அதன் சாறு டைபாய்டுக் கிருமியை அடக்கியது. சாற்றைத் தூய்மைப்படுத்தப் பணமும் இல்லை, கருவியும் இல்லை. 1948-இல் தம் ஊரிலேயே அச்சிட்ட ஒரு வெளியீட்டில் கண்டதை எழுதிவைத்தார். அதை வெளியுலகில் யாரும் படித்திருக்க வழியில்லை. போர்க்காலத்தில் சார்தீனியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் சுகாதார அதிகாரி ஒருவரின் பழக்கம் அப்போது கைகொடுத்தது. அவர் வழியாகப் பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. அங்கே அதைப் பகுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் அதே எட்வர்ட் ஆபிரகாம்! 1953-இல் அவரும் கை நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின்-சி என்ற பொருளைப் பிரித்தார்கள். பெனிசிலினை முறிக்கும் நொதி ஒன்றால் இதை முறிக்க முடியவில்லை. இன்று ஊசியாகவும் மாத்திரையாகவும் புழங்கும் செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சிம், செஃபோடாக்சிம் எல்லாம் அந்தச் சாக்கடை வாயின் வாரிசுகள்.

அதே ஆண்டுகளில் ஜப்பானில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. போருக்குப் பின் அங்கே சீதபேதி கடுமையாகப் பரவியது. முதலில் சல்ஃபா மருந்து கேட்டது. சில ஆண்டுகளில் கேட்காமல் போனது. பிறகு புது மருந்துகள் வந்தன. 1955-இல் ஹாங்காங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒரு பெண்ணின் சீதபேதிக் கிருமி, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கையும் ஒருசேர எதிர்த்தது. ஒரே கிருமி தற்செயலாக நான்கு முறை மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1959-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை கண்டார்கள்: எதிர்க்கும் திறன் கட்டாக, ஒரே மூட்டையாக, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா அதைச் சீதபேதிக் கிருமிக்குக் கொடுக்கிறது. அதாவது, மருந்துக்கு அடங்காமல் போக ஒரு கிருமி தானே மருந்தைச் சந்தித்திருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பதிடம் வாங்கிக்கொண்டால் போதும். ஜப்பானிய மொழியில் வெளியான இந்த ஆய்வுகளை மேற்கு நாடுகள் ஊன்றிப் படித்தது, 1963-இல் சுதோமு வதனாபே ஆங்கிலத்தில் தொகுத்து எழுதிய பிறகுதான்.

மருந்துக்கும் முன்பே கிருமிகளை இப்படிப் பழக்கியது பாதரசம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேகநோய்க்குப் பூசினார்கள், தங்கத்தைப் பிரிக்கக் கலந்தார்கள், பல்லில் அடைத்தார்கள். பாதரசத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் இன்று ஒரே டி.என்.ஏ. துண்டில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதைப் பல பாக்டீரியாக்களில் காண்கிறோம். அதனால்தான் உலோகக் கழிவு விழும் ஆற்றுப்படுகையில், ஒரு சொட்டு மருந்துகூட இல்லாதபோதும், மருந்தெதிர்ப்பு தங்கிவிடுகிறது.

மருந்து பண்ணைக்கும் போனது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி-12 தரும் மலிவான தீவனத்தைத் தேடினார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சி எடுத்தபின் மிஞ்சிய கழிவைக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடைபோட்டன. வைட்டமின் மட்டுமல்ல, கழிவில் ஒட்டியிருந்த கொஞ்சம் மருந்தும்தான் அந்த வேலையைச் செய்தது. நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தினந்தோறும் சிறிதளவு மருந்து கொடுக்கும் வழக்கம் இப்படி ஒரு தற்செயலில் பிறந்து, நாடு நாடாக நகலெடுக்கப்பட்டது. எருவோடு சேர்ந்து அந்த மருந்தும் வயலுக்கு வந்து, மழையில் கரைந்து ஆற்றுக்கு இறங்கியது. எடை கூட்ட மருந்து கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமாக நிறுத்த 2006 ஆயிற்று.

சிறிதளவுதானே, ஆற்று வெள்ளத்தில் கரைந்துபோகாதா என்று தோன்றலாம். 2011-இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சில மருந்துகளில், கிருமியை அடக்கத் தேவையான அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே, எதிர்க்கும் கிருமி மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகுகிறது. ஆற்றில் கரைந்த மருந்து யாரையும் கொல்வதில்லை. யார் பிழைப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.

இனி நம் கதையின் மரபணு ஆஸ்பத்திரிக்குள் நுழையும் கட்டம். செஃபோடாக்சிம் மருந்து 1980-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. 1986-இல் ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூட நாயின் குடலில் அதை முறிக்கும் புதுவகை நொதி கொண்ட ஈ.கோலை அகப்பட்டது. 1989-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் அதே வகை நொதி ஒரு நோயாளியிடம் தென்பட்டது. செஃபோடாக்சிமின் சுருக்கத்தோடு மியூனிக்கின் முதலெழுத்தைச் சேர்த்து சி.டி.எக்ஸ்-எம் என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அர்ஜென்டினாவிலும் முளைத்தது. எங்கிருந்து வந்தது? குளூய்வெரா என்ற பாக்டீரியாவின் சொந்த மரபணுத் தொகுதியில் இந்த நொதிக்கான மரபணு காலங்காலமாக இருந்திருக்கிறது. நீரிலும் மண்ணிலும் சாக்கடையிலும் வாழ்ந்து, மனிதரை அபூர்வமாகவே தொல்லைப்படுத்தும் ஒரு சாதுவான உயிர் அது. டச்சு நுண்ணுயிரியலாளர் ஆல்பர்ட் குளூய்வரின் நினைவாகப் பெயர் பெற்றது. அவர் பணியாற்றிய டெல்ஃப்ட் நகரில்தான், 1674-இல், துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக் ஒரு நன்னீர் ஏரியின் தண்ணீரைத் தம் கையால் செய்த லென்சில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்துவதைக் கண்டார்.

குளூய்வெராவிடமிருந்து அந்த மரபணு ஒருமுறை அல்ல, பலமுறை, தனித்தனியே கிளம்பியிருக்கிறது. இடம்விட்டு இடம் துள்ளும் ஒரு டி.என்.ஏ. துண்டு அதைப் பெயர்த்துப் பிளாஸ்மிட்டில் ஏற்றியது. இந்தியாவில் முதலில் அறியப்பட்ட சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற வடிவம் இன்று மக்கள் வாழும் எல்லாக் கண்டங்களிலும் சிறுநீர்த்தொற்று நோயாளிகளிடம் இருக்கிறது. சாக்கடை நீரில் கிடைத்த மருந்தை, சாக்கடையிலும் வாழும் பாக்டீரியாவின் மரபணு வந்து முறித்தது.

இதைவிட வியப்பு சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தின் கதை. மலேரியா மருந்தான குளோரோகுவினைத் தயாரிக்கும்போது கிடைத்த ஓர் உபபொருளிலிருந்து 1962-இல் நாலிடிக்சிக் அமிலம் பிறந்தது. அதன் வழியில்தான் சிப்ரோஃப்ளாக்சசினும் வந்தது. இது இயற்கையில் இல்லாத, முழுக்க வேதியியலார் கட்டிய மூலக்கூறு. ஆகவே இதை எதிர்க்கும் மரபணு கைமாறித் திரியாது என்று நம்பினார்கள். 1998-இல் அப்படி ஒரு மரபணுவைப் பிளாஸ்மிட்டிலேயே கண்டுபிடித்தார்கள். அதன் பூர்வீகத்தைத் தேடியவர்கள் 2005-இல் போய் நின்ற இடம், ஷெவனெல்லா என்ற நீர்வாழ் பாக்டீரியா. நம் மருந்தைக் கண்டே இராத உயிர், வேறு ஏதோ வேலைக்காக வைத்திருந்த கருவி அது.

அந்தச் சிப்ரோஃப்ளாக்சசினைப் பின்தொடர்ந்தால் ஹைதராபாத் வந்துவிடும். 1960-களில் அரசின் மருந்துத் தொழிற்சாலை அங்கே அமைந்தது. அங்கே தொழில் பழகியவர்கள் வெளியே வந்து சொந்த ஆலைகள் தொடங்கினார்கள். ஊருக்கு வெளியே பட்டான்செருவில் உலகுக்கே மலிவான மருந்து காய்ச்சும் வட்டாரம் வளர்ந்தது. 2007-இல் சுவீடனின் யோவாகிம் லார்சனும் குழுவினரும் அங்கே ஏறக்குறைய 90 ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை அளந்தார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில்கூட அவ்வளவு இராது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிலோ மருந்து அந்த நீரோடு போய்க்கொண்டிருந்தது. 90 லட்சம் பேர் வாழ்ந்த சுவீடன் நாடு ஐந்து நாளில் சாப்பிடும் மருந்து அது. சுத்திகரித்த நீராக வெளியேறியது இது. இசகவாகு, நக்கவாகு ஓடைகள் வழியாக அது மஞ்சீரா ஆற்றுக்கும், அங்கிருந்து கோதாவரிக்கும் சென்றது. அடுத்த ஆய்வில் சுற்றுப்புற ஊர்களின் ஏரிகளிலும் கிணறுகளிலும் மருந்து இருந்தது தெரிந்தது. உலகெங்கும் பலர் மலிவாக மாத்திரை வாங்குவதற்கான விலையை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கிணற்றில் கொடுத்தார்கள். இது அநியாயம். அதைவிட மென்மையான சொல் எனக்குத் தெரியவில்லை.

2008-இல் சுவீடனில் வாழும் ஓர் இந்திய வம்சாவளி நோயாளி டெல்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று ஊர் திரும்பினார். அவரிடமிருந்த கிருமி, கடைசி ஆயுதமாகக் கருதப்படும் கார்பாபெனம் மருந்துகளையும் முறித்தது. அதன் நொதிக்கு என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். முதலிரண்டு எழுத்தும் நியூ டெல்லி. அடுத்த ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் கார்த்திகேயன் குமாரசாமி இதைத் தேடினார். 2010 ஆகஸ்டில் பிரிட்டனின் திமோத்தி வால்ஷ் உள்ளிட்டோருடன் அவர் வெளியிட்ட ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமிகளில் இந்த மரபணு இருப்பதைச் சொன்னது. பெயரைக் குறித்து டெல்லியில் பெரும் கோபம் எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயரைப் பற்றிய அந்தச் சண்டையில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் வால்ஷின் குழுவினர் டெல்லித் தெருக்களில் தேங்கிய 171 இடத்து நீரையும் 50 குழாய்களின் நீரையும் சோதித்தார்கள். தேங்கிய நீரில் 51-இலும் குழாய் நீரில் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமியின் ஒரு வகையிலும்கூட அது ஏறியிருந்தது. அந்தத் தண்ணீரை மிதித்து நடந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

கங்கையின் மேற்பகுதியில், ரிஷிகேஷ், ஹரித்துவார் பக்கம், நீர் தெளிவாகத்தான் இருக்கும். 2012-இல் ஐ.ஐ.டி. டெல்லியும் நியூகாசில் பல்கலைக்கழகமும் சேர்ந்து பிப்ரவரியிலும் ஜூனிலும் அங்கே மாதிரி எடுத்தன. யாத்திரைக் காலமான ஜூனில் என்.டி.எம்-1 மரபணு இருபது மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. பக்தர்கள் கூடுகிறார்கள், கழிவறைகளும் சுத்திகரிப்பும் அந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான் காரணம். அதே கங்கை நீரில் காலராக் கிருமி வெகுநேரம் பிழைப்பதில்லை என்று 1896-இல் ஆக்ராவிலிருந்து எர்னஸ்ட் ஹான்கின் எழுதியிருந்தார். கிருமியைத் தின்னும் வைரஸ்கள் அந்த நீரில் இருந்ததுதான் காரணம் என்று பின்னாளில் கருதினார்கள். ஆறு இரண்டையும் சுமக்கிறது.

அங்கிருந்து மரபணு எவ்வளவு தூரம் போகும்? வட துருவத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2013-இல் எடுத்த மண்ணிலும் என்.டி.எம்-1 இருந்ததை 2019-இல் அறிவித்தார்கள். பறவைகளின் எச்சமும் மனிதர்களின் வருகையும் அதைக் கொண்டுசேர்த்திருக்கலாம். பிரிட்டனில் கடலலையில் சறுக்கி விளையாடுவோரைச் சோதித்தபோது, செஃபோடாக்சிமை எதிர்க்கும் ஈ.கோலை அவர்களில் நூற்றுக்கு 9 பேரின் குடலில் இருந்தது. விளையாடாதவர்களில் நூற்றுக்கு 3 பேரிடம்தான். விளையாட்டின்போது அவர்கள் வாய்க்குள் போகும் தண்ணீர் வழியாக வந்திருக்கலாம்.

நம் ஊருக்கும் வருவோம். காவிரியில் இரண்டாண்டுகள் மாதிரி எடுத்த ஐ.ஐ.டி. சென்னை ஆய்வாளர்கள், வலிநிவாரணி, ரத்தஅழுத்த மாத்திரை ஆகியவற்றோடு சிப்ரோஃப்ளாக்சசினையும் அதில் கண்டதாக 2021-இல் தெரிவித்தார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் சில ஆன்டிபயாடிக்குகளை விற்கக் கூடாது என்று கெடுபிடி வந்ததற்குப் பின்னால், 2012-இல் இந்திய மருத்துவர்கள் சென்னையில் கூடி வெளியிட்ட பிரகடனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் கடையைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது. 60 நாடுகளின் 79 இடங்களில் சாக்கடை நீரை ஒப்பிட்ட டென்மார்க் குழு 2019-இல் கண்டது இது: ஒரு நாட்டில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் எவ்வளவு என்பது அங்குள்ள கழிவறை, சாக்கடை, பொதுச் சுகாதாரத்தோடு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது.

இந்திய அரசு 2020 ஜனவரியில் ஒரு வரைவு வெளியிட்டது. மருந்தாலைக் கழிவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கலாம் என்று அது வரம்பு சொன்னது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில்தான் இதற்கான முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. சுவிட்சர்லாந்து 2016 முதல், தலைக்கு ஆண்டுக்கு 9 ஃபிராங்க் வரை வசூலித்து, தன் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனும் கரித்தூளும் பயன்படுத்தி மருந்து மிச்சங்களை வடிக்கத் தொடங்கிவிட்டது. இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாவதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் கணக்கிட்டது. அதில் அப்போது சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். ஓசோன் பிறகு வரட்டும், மீதி 5,200 கோடி லிட்டருக்கு முதலில் ஒரு குழாயும் தொட்டியும் வேண்டும்.